ஆங்கிலத் தாளில் சிவப்பு மை: எந்தக் குறி, என்ன பிழை, எப்படித் திருத்துவது

திருத்திய ஆங்கிலத் தாள் கைக்கு வரும்போது அதில் விளக்கம் இருப்பது அபூர்வம். ஒரு சொல்லைச் சுற்றி வட்டம், ஒரு வரியின் கீழ் அலைக்கோடு, ஓரத்தில் 'டென்ஸ்', 'ஃபிராக்', 'ஆர்.ஓ.' என்று ஏதோ கிறுக்கல். கட்டுக்கட்டாகத் திருத்தும் ஆசிரியருக்கு அதற்கு மேல் நேரமில்லை. மாணவர் மார்க்கைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைக்கிறார். அடுத்த தாளிலும் அதே வட்டம் அதே மாதிரி இடத்தில் விழுகிறது.

அதனால் இங்கே பெயர்ச்சொல், வினைச்சொல் என்று இலக்கணப் புத்தக வரிசையில் போகாமல் அந்த வட்டத்திலிருந்தே தொடங்குவோம். உங்கள் தாளில் எந்த அடையாளம் இருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்க்கொள்ளுங்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் பிழைகள் கண்டபடி சிதறிக் கிடப்பதில்லை. தமிழ் வாக்கியமும் ஆங்கில வாக்கியமும் எங்கே பிரிகின்றனவோ அங்கேதான் கும்பலாக வருகின்றன. அதனால் பல பிழைகளுக்கான சோதனையைத் தமிழிலேயே செய்துவிடலாம். எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் சட்டென்று பிடிபடும்.

ஓரத்தில் 'ரன்-ஆன்' (சுருக்கமாக 'ஆர்.ஓ.') அல்லது 'காமா ஸ்ப்ளைஸ்'

'ஐ வென்ட் டு தி லைப்ரரி, இட் வாஸ் க்ளோஸ்டு, ஐ கேம் ஹோம்.' தமிழில் 'நூலகத்துக்குப் போனேன், மூடியிருந்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன்' என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் கேட்பார்கள். மூன்று துண்டிலும் எழுவாய் இருக்கிறது, முற்றுவினை இருக்கிறது. அப்படியானால் மூன்றும் தனித்தனி வாக்கியங்கள். தனியே நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களைக் காற்புள்ளி மட்டும் வைத்து ஒட்டக்கூடாது என்பது ஆங்கில வழக்கம்.

கண்டுபிடிப்பது எளிது. சந்தேகமான காற்புள்ளியின் இடப்பக்கத்தை மட்டும் படியுங்கள். அப்புறம் வலப்பக்கத்தை மட்டும் படியுங்கள். இரண்டுமே முழு வாக்கியமாக நின்றால் அங்கே காற்புள்ளி போதாது. முற்றுப்புள்ளி வைக்கலாம், பெரும்பாலும் அதுதான் நல்லது. இரண்டு வாக்கியமும் நெருங்கிய தொடர்புடையவை என்றால் அரைப்புள்ளி வைக்கலாம். இல்லையென்றால் காற்புள்ளியை அப்படியே விட்டுவிட்டு அதன் பின்னால் ஓர் இணைப்புச்சொல்லைச் சேர்க்கலாம்: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், சோ. இந்த ஏழுக்குத்தான் அந்த வேலை. முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஃபேன்பாய்ஸ்' என்று ஆசிரியர்கள் மனப்பாடம் செய்ய வைப்பார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'ஹௌஎவர்', 'தேர்ஃபோர்', 'தென்' ஆகியவை பார்க்க இணைப்புச்சொல் மாதிரியே இருக்கும், ஆனால் அந்த ஏழில் இல்லை. 'இட் ரெய்ன்டு, ஹௌஎவர் வி ப்ளேடு' என்று எழுதினால் மறுபடியும் அதே சிவப்பு மைதான். 'ரெய்ன்டு' முடிந்ததும் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வைத்து, 'ஹௌஎவர்' முடிந்ததும் ஒரு காற்புள்ளி வையுங்கள்.

இந்தப் பிழை தமிழ் மாணவர்களிடம் ஏன் இவ்வளவு அதிகம்? நம் மொழியில் 'கடைக்குப் போய், பேனா வாங்கி, வீட்டுக்கு வந்தேன்' என்று வினையெச்சங்களை வரிசையாக அடுக்கி, கடைசியில் ஒரே ஒரு முற்றுவினையில் முடித்துவிடலாம். ஆங்கிலத்துக்குப் போகும்போது 'போய்', 'வாங்கி' எல்லாம் 'ஐ வென்ட்', 'ஐ பாட்' என்று முற்றுவினைகளாகிவிடுகின்றன. காற்புள்ளி மட்டும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. செய்தவர் ஒருவரே என்றால் இதற்கு அழகான தீர்வு உண்டு. எழுவாயை ஒருமுறை மட்டும் சொல்லுங்கள்: 'ஐ வென்ட் டு தி ஷாப், பாட் எ பென் அண்ட் கேம் ஹோம்.' இப்போது இது ஒரே வாக்கியம். காற்புள்ளி வினைகளை மட்டும் பிரிக்கிறது, அது அதற்கு உரிய வேலை.

ஜூலியஸ் சீசர் சொன்னதாக வழங்கும் 'ஐ கேம், ஐ சா, ஐ கான்கர்ட்' இந்த விதியை மீறுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. மீறத்தான் செய்கிறது. மிகச் சிறிய, ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்களுக்கு அந்தச் சலுகை இருக்கிறது. பரீட்சைத் தாளில் அதைக் கேட்டு வாங்க முயல வேண்டாம்.

ஓரத்தில் 'ஃபிராக்மென்ட்'

மேலே சொன்னதற்கு நேர் எதிரான பிழை இது. அங்கே வாக்கியம் அளவுக்கு மீறி நீள்கிறது. இங்கே பாதியில் நின்றுவிடுகிறது. 'வொய் டிட் ஹி லீவ் தி வில்லேஜ்?' என்ற கேள்விக்கு 'பிகாஸ் தேர் வாஸ் நோ ரெய்ன்' என்று மட்டும் எழுதினால் பேச்சுக்குச் சரி, எழுத்துக்குப் போதாது. பிகாஸ், வென், இஃப், ஆல்தோ, அன்டில் போன்ற சொற்களில் தொடங்குவது துணைவாக்கியம். அது சாய்ந்து நிற்க ஒரு முதன்மை வாக்கியம் வேண்டும். 'ஹி லெஃப்ட் தி வில்லேஜ் பிகாஸ் தேர் வாஸ் நோ ரெய்ன்' என்றால் முழுமை.

'பிகாஸ்' போட்டு வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது என்று சில வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. 'பிகாஸ் தேர் வாஸ் நோ ரெய்ன், ஹி லெஃப்ட் தி வில்லேஜ்' முழுக்கச் சரியான வாக்கியம். சின்னப் பிள்ளைகள் பாதி வாக்கியத்தோடு நிறுத்திவிடுவார்களே என்று யாரோ போட்ட தடுப்பு, காலப்போக்கில் இலக்கண விதி வேஷம் கட்டிக்கொண்டுவிட்டது. 'அண்ட்', 'பட்' இரண்டையும் வைத்துத் தொடங்கக்கூடாது என்பதும் இதே கதைதான்.

'தி பாய் ரன்னிங் ஆன் தி ரோடு' என்பதும் பாதி வாக்கியமே. 'இங்' விகுதி மட்டும் இருந்தால் அது முற்றுவினை ஆகாது. முன்னால் இஸ் அல்லது வாஸ் வேண்டும்.

வினைச்சொல்லைச் சுற்றி வட்டம்

வட்டத்துக்குள் இருக்கும் வினை நிகழ்காலத்தில் இருக்கிறதா, எழுவாய் ஹி, ஷி, இட் மூன்றில் ஒன்றா, அல்லது ஓர் ஆளின் பெயரா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் தொலைந்து போனது 'எஸ்' ஆகத்தான் இருக்கும். 'மை ஃபாதர் ஒர்க் இன் எ பேங்க்' என்பதில் 'ஒர்க்ஸ்' வர வேண்டும்.

தமிழில் வினையின் வாலைப் பார்த்தாலே செய்தவர் யார் என்று தெரிந்துவிடும்: வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறோம். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இப்படிப் பல விகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றாக உதிர்ந்து, இன்று சாதாரண வினைகளின் நிகழ்காலத்தில் இந்த ஒற்றை 'எஸ்' மட்டும் மிஞ்சியிருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் ஒன்றும் சேர்க்க வேண்டாம் என்று பழகிய கை, இங்கேயும் சேர்க்காமல் போய்விடுகிறது.

அதைச் சரியாகப் போட்டும் வட்டம் விழுந்ததா? வாக்கியத்தில் டூ, டஸ், டிட் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஹி டஸ் நாட் நோஸ்', 'டிட் யூ வென்ட்?' இரண்டிலும் பிழை ஒன்றே. துணைவினை வந்துவிட்டால் காலம், எண் ஆகிய அடையாளங்களை அதுவே சுமந்துகொள்ளும். பின்னால் வரும் வினை வெறும் மூல வடிவத்தில் நிற்க வேண்டும். 'டஸ் நாட் நோ', 'டிட் யூ கோ'. கேன், வில், மஸ்ட், ஷுட் வந்தாலும் இதே கணக்கு: 'ஷி கேன் சிங்', அங்கே 'சிங்ஸ்' கிடையாது.

இதுவும் இல்லையென்றால் எழுவாயைத் தவறாக அடையாளம் கண்டிருக்கிறீர்கள். 'தி ப்ரைஸ் ஆஃப் மேங்கோஸ் ஹேவ் கான் அப்.' வினைக்குப் பக்கத்தில் மாம்பழங்கள் இருப்பதால் கை பன்மைக்குப் போய்விட்டது. ஏறியது விலை, மாம்பழம் அல்ல. 'ஆஃப்' என்ற சொல்லையும் அதன் பின்னால் வரும் பெயரையும் விரலால் மூடிவிட்டுப் படியுங்கள்: 'தி ப்ரைஸ் ஹாஸ் கான் அப்'.

இதே குடும்பத்தில் அதிகம் விழுவது 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்'. பலரில் ஒருவர் என்பதால் 'ஃப்ரெண்ட்ஸ்' பன்மையில் வர வேண்டும். ஒருவர் என்பதால் வினை ஒருமையில் வர வேண்டும்: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் எ சிங்கர்'. 'எவ்ரிஒன் ஹேவ் கம்' என்பதற்குக் காரணம் நம் 'எல்லோரும் வந்திருக்கிறார்கள்'. தமிழில் எல்லோரும் பன்மை. ஆங்கிலத்தில் எவ்ரிஒன், எவ்ரிபடி, ஈச் மூன்றும் ஒருமை. 'எவ்ரிஒன் ஹாஸ் கம்' என்றே எழுதுங்கள். நியூஸ், மேத்தமேடிக்ஸ் இரண்டும் வாலில் 'எஸ்' இருந்தும் ஒருமை. போலீஸ் என்பது வாலில் ஒன்றும் இல்லாமலே பன்மை.

பெயர்ச்சொல்லின் வாலில் சிவப்பு

'பத்து புத்தகம் வாங்கினேன்' என்று தமிழில் சொல்லலாம். எண்ணே பன்மையைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் எண் சொன்னாலும் 'புக்ஸ்' என்றுதான் எழுதியாக வேண்டும். இதற்கு மாறாக, எண்ண முடியாத பெயர்களுக்கு வால் கூடாது: ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஹோம்ஒர்க், லக்கேஜ், எக்விப்மென்ட். 'ஹோம்ஒர்க்ஸ்' என்று பெற்றோருக்கு வரும் வாட்ஸ்அப் செய்தியிலேயே பார்க்கிறோம், என்ன செய்ய.

ஓரத்தில் 'டென்ஸ்'

மூன்று வகைதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்.' தமிழில் 'இருக்கிறார்கள்', 'தெரிகிறது', 'பிடிக்கிறது' எல்லாமே நிகழ்கால வினைகள், அதனால் 'இங்' போடத் தோன்றுகிறது. ஆனால் உடைமை, அறிவு, விருப்பம் போன்ற நிலைகளைச் சொல்லும் வினைகள் ஆங்கிலத்தில் பொதுவாக 'இங்' வடிவம் எடுப்பதில்லை. ஹேவ், நோ, லைக், பிலாங், அண்டர்ஸ்டாண்ட் ஆகியவற்றை நேராகவே எழுதுங்கள்: 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்'. ஹேவ் என்பதற்குச் சாப்பிடுவது போல ஒரு செயல் பொருளாக வரும்போது 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி, ஏனென்றால் அது நடந்துகொண்டிருக்கும் செயல்.

'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே.' நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஹேவ் சீன்' வராது, 'சா' தான். நேரத்தைச் சொல்லாமல் 'அவரைப் பார்த்திருக்கிறேன்' என்று மட்டும் சொல்லும்போதுதான் 'ஐ ஹேவ் சீன் ஹிம்'.

'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.' இதில் இரண்டு பிழை. தமிழில் 'ஐந்து வருஷமாக இங்கே இருக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். அப்போது தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ஆங்கிலம் 'ஹேவ் பீன் லிவிங்' என்கிறது. அடுத்தது சின்ஸ், ஃபார் குழப்பம். இதற்குத் தமிழே சோதனைக் கருவி. தமிழில் 'ஆக' என்று முடிந்தால் ஃபார். 'இருந்து' என்று முடிந்தால் சின்ஸ். ஐந்து வருஷமாக: 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. 2019இலிருந்து: 'சின்ஸ் 2019'. திங்கள்கிழமையிலிருந்து, காலையிலிருந்து, பிறந்ததிலிருந்து எல்லாம் சின்ஸ். இந்த விஷயத்தில் இரண்டு மொழியும் அருமையாக ஒத்துப்போகின்றன; பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சொல்லுக்கு முன்னால் கூரை போன்ற குறி

இந்தக் குறிக்குக் கேரட் என்று பெயர். இங்கே ஏதோ விட்டுப்போயிற்று என்று பொருள். தமிழ் மாணவர் தாளில் விட்டுப்போனது பெரும்பாலும் ஆர்ட்டிகிள்: எ, அன், தி. தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது. 'ஒரு' கொஞ்சம் அந்த வேலையைச் செய்கிறது, அதுவும் கட்டாயம் இல்லை.

எ, அன் இரண்டில் எது என்ற கேள்வி நமக்குப் புதிதே அல்ல. 'ஒரு நாள்', 'ஓர் இரவு' என்று எழுதுகிறோமே, அதே ஏற்பாடு. உயிரொலிக்கு முன்னால் அன். எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். 'யூனிவர்சிட்டி' யூ என்ற உயிரெழுத்தில் தொடங்கினாலும் வாயில் யகர ஒலியாக வருவதால் 'எ யூனிவர்சிட்டி'. 'ஹவர்' எழுத்தில் எச் இருந்தும் உச்சரிப்பு 'அவர்' என்பதால் 'அன் அவர்'. 'எம்.எல்.ஏ.' வாயில் எகரத்தில் தொடங்குவதால் 'அன் எம்.எல்.ஏ.'. 'ஒன் ருப்பீ காயின்' என்பதற்கு முன்னால் 'அன்' போடுகிறவர்கள் தமிழ் உச்சரிப்பில் ஏமாந்தவர்கள். ஆங்கிலத்தில் அது 'வன்' என்ற வகர ஒலி, எனவே 'எ' தான்.

'தி' போடுவது எப்போது என்பதற்குத் தமிழில் ஒரு சோதனை: அந்தப் பெயருக்கு முன்னால் 'அந்த' சேர்த்துப் பாருங்கள். படிக்கிறவர் 'எந்த?' என்று கேட்காமல் புரிந்துகொள்வார் என்றால் 'தி'. முதல்முறை ஒரு நாயைச் சொல்லும்போது 'எ டாக்', அடுத்த வரியில் அதே நாய் வந்தால் 'தி டாக்'. சூரியன், சந்திரன் போல ஒன்றே ஒன்று இருப்பவற்றுக்கும், ஆறுகளின் பெயர்களுக்கும் 'தி' உண்டு: 'தி காவேரி'. ஊர்ப் பெயருக்கும் ஆள் பெயருக்கும் கிடையாது. இந்தச் சோதனை எல்லா இடத்துக்கும் பிடிக்காது. ஆர்ட்டிகிளின் எஞ்சிய நுணுக்கங்கள் படிக்கப் படிக்கக் காதில் ஏறுவதுதான். விதி எழுதித் தீர்க்க முடியாது.

சின்னச் சொல்லின் கீழ் கோடு: இன், ஆன், அட், டு, வித்

இது ப்ரிபொசிஷன் பிழை. நாம் வேற்றுமை உருபைப் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறோம். ஆங்கிலம் முன்னால் தனிச்சொல்லாக வைக்கிறது. உருபுக்கு உருபு நேராகப் போட்டுப் பெயர்ப்பதில்தான் சிக்கல் எல்லாம்.

'என்மேல் கோபமாக இருக்கிறான்' என்பதை 'ஹி இஸ் ஆங்ரி ஆன் மி' என்று எழுதுகிறோம். ஆங்கிலம் 'ஆங்ரி வித் மி' என்கிறது. 'கணக்கில் கெட்டி' என்பது 'குட் இன் மேத்ஸ்' ஆகிறது. வர வேண்டியது 'குட் அட் மேத்ஸ்'. 'நாய்க்குப் பயப்படுகிறாள்' என்பதிலிருந்து 'அஃப்ரெய்ட் டு தி டாக்'; சரியானது 'அஃப்ரெய்ட் ஆஃப் தி டாக்'. 'எனக்கு விளக்குங்கள்' என்பது 'எக்ஸ்ப்ளெய்ன் மி' என்று வந்துவிடுகிறது. 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மி' என்பதுதான் முறை.

தேவையில்லாத இடத்தில் சேர்ப்பது அடுத்த வகை. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதில் இருக்கும் 'பற்றி'யால் 'டிஸ்கஸ்டு அபௌட்' பிறக்கிறது. டிஸ்கஸ் என்ற வினைக்குள்ளேயே 'பற்றி' அடங்கியிருக்கிறது. 'வி டிஸ்கஸ்டு தி ப்ராப்ளம்' போதும். 'அவனிடம் கேட்டேன்' என்பதில் உள்ள 'இடம்' காரணமாக 'ஐ ஆஸ்க்டு டு ஹிம்'. அதில் 'டு' வேண்டாம். 'ரீச்', 'என்டர்', 'மேரி' ஆகிய மூன்றும் அப்படியே: 'ரீச்டு சென்னை', 'என்டர்டு தி ரூம்', 'மேரீடு ஹெர்'. 'ரிட்டர்ன் பேக்' என்பதில் 'பேக்' தண்டம்.

இந்த வகைப் பிழைக்குக் குறுக்குவழி எதுவும் கிடையாது. வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் அதன் ப்ரிபொசிஷனோடு சேர்த்து ஒரே சொல்லாகப் பழகிக்கொள்வது ஒன்றுதான் வழி. நோட்டில் 'லிஸன்' என்று எழுதாதீர்கள், 'லிஸன் டு' என்று எழுதுங்கள்.

வாக்கியத்தின் தலை காணோம்

'இன் மை வில்லேஜ் ஒன் டெம்பிள் இஸ் தேர்.' 'எங்கள் ஊரில் ஒரு கோயில் இருக்கிறது' என்பதன் சொல்வரிசை அப்படியே இறங்கியிருக்கிறது. ஒன்று இருக்கிறது என்று முதல்முறை சொல்லும்போது ஆங்கில வாக்கியம் 'தேர் இஸ்' என்று தொடங்கும்: 'தேர் இஸ் எ டெம்பிள் இன் மை வில்லேஜ்'. 'இஸ் வெரி ஹாட் டுடே' என்பதிலும் இதே குறை. தமிழில் 'இன்னைக்கு ரொம்ப வெயில்' என்றால் எழுவாய் இல்லையே என்று யாரும் தேடுவதில்லை. ஆங்கில வாக்கியத்துக்கு, பொருளே இல்லாவிட்டாலும், ஒரு 'இட்' தலையில் உட்கார வேண்டும்.

இரண்டு இணைப்புச்சொல், ஒன்று அடிக்கப்பட்டிருக்கிறது

'ஆல்தோ ஹி இஸ் ரிச், பட் ஹி இஸ் நாட் ஹாப்பி.' 'பணக்காரனாக இருந்தாலும், ஆனால்...' என்று தமிழிலும் சிலர் பேசுவதுண்டு. ஆங்கிலத்தில் ஒரு மூட்டுக்கு ஒரு இணைப்புச்சொல்தான். ஆல்தோ இருந்தால் 'பட்' என்பதை எடுத்துவிடுங்கள். பட் வேண்டுமென்றால் ஆல்தோவை எடுத்துவிடுங்கள்.

தலைமுறை தலைமுறையாக நாம் எழுதிவரும் லீவ் லெட்டரிலேயே இது இருக்கிறது: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், சோ ஐ ஆம் அனேபிள் டு கம்...'. ஆஸ் இருக்கும்போது சோ வேண்டாம். அதே கடிதத்தில் 'ஐ கைண்ட்லி ரெக்வெஸ்ட் யூ' என்று வரும். கைண்ட்லி அந்த இடத்தில் நின்றால் வேண்டுகிற நானே கருணையுள்ளவன் என்று ஆகிறது. கருணை காட்ட வேண்டியவர் தலைமையாசிரியர். 'ஐ ரெக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி கிராண்ட் மி லீவ்' என்று இடம் மாற்றுங்கள். 'டு'வும் வினையும் சேர்ந்த இன்ஃபினிட்டிவை நடுவில் வேறு சொல் வைத்துப் பிளக்கக்கூடாது என்று யாராவது குறை சொன்னால் கவலைப்படாதீர்கள். அதுவும் மேலே சொன்ன 'பிகாஸ்' தடை மாதிரி ஒரு மூடநம்பிக்கைதான்.

ஓரத்தில் 'யார்?' என்று ஒரு கேள்வி

'வாக்கிங் டு ஸ்கூல், எ டாக் பிட் மி.' ஆசிரியர் சிரித்திருப்பார். வாக்கியத்தின்படி பள்ளிக்கு நடந்து போனது நாய். ஆங்கிலத்தில் 'இங்' தொடர் எழுவாய் இல்லாமல் முன்னால் வந்தால், காற்புள்ளிக்குப் பின்னால் முதலில் வரும் பெயர்தான் அதைச் செய்ததாகக் கொள்ளப்படும். இதற்கு டாங்க்லிங் மாடிஃபையர் என்று பெயர்.

தமிழுக்கு இந்தக் கட்டுப்பாடு தெரியாதது அல்ல. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. 'பள்ளிக்கு நடந்து நாய் கடித்தது' என்று நாம் எழுதுவதில்லை. 'நடந்து போகும்போது நாய் கடித்தது' என்கிறோம். அந்தப் 'போகும்போது'வை ஆங்கிலத்திலும் கொண்டுவாருங்கள்: 'வைல் ஐ வாஸ் வாக்கிங் டு ஸ்கூல், எ டாக் பிட் மி'. 'ஐ' உள்ளே வந்துவிட்டது, நாய் தப்பித்தது.

எழுத்துக்கு மேலே தொங்கும் குறியைச் சுற்றி வட்டம்

அப்பாஸ்ட்ரஃபி. அச்சிட்ட ஆங்கிலத்துக்கு 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கத்தைப் பார்த்து வந்த குறி. அதன் முதல் வேலை, விழுந்துபோன எழுத்தின் இடத்தைக் காட்டுவது. 'டோன்ட்' எழுதும்போது இதை நினைத்துக்கொண்டால் குறியை எங்கே வைப்பது என்ற குழப்பமே வராது. 'டூ நாட்' சுருங்கும்போது விழுந்தது 'நாட்' என்பதில் இருந்த ஓ. ஆகவே என், டி இரண்டுக்கும் நடுவில்தான் குறி. அதை டூவுக்கும் என்னுக்கும் நடுவில் போடுவது மிகப் பரவலான பிழை.

இரண்டாவது வேலை உடைமையைக் காட்டுவது. ஒருவருக்கு உரியது என்றால் 'எஸ்' எழுத்துக்கு முன்னால் குறி. 'எஸ்' இல் முடியும் பன்மைக்கு உரியது என்றால் அதற்குப் பின்னால். ஒரு பையனின் அறை, பல பையன்களின் அறை இரண்டும் காதுக்கு ஒன்றே. கண்ணுக்கு அந்தக் குறியின் இடம் மட்டுமே வித்தியாசம். 'சில்ட்ரன்' ஏற்கெனவே பன்மை, வாலில் 'எஸ்' இல்லை. அதனால் உடைமைக்கு முதல் முறைப்படியே குறியும் 'எஸ்' எழுத்தும்.

பெரிய தொல்லை 'இட்ஸ்'. குறியோடு எழுதினால் அது 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்பதன் சுருக்கம். குறியில்லாமல் எழுதினால் 'அதனுடைய'. ஐயம் வந்தால் 'இட் இஸ்' என்று விரித்துப் படியுங்கள். 'தி கேட் லிக்டு இட் இஸ் பா' என்று அபத்தமாக வந்தால் குறி வேண்டாம். யுவர்ஸ், அவர்ஸ், ஹெர்ஸ், தேர்ஸ் எதற்கும் உடைமைக் குறி கிடையாது. கடிதத்தின் கடைசியில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' எழுதும்போது ஆர், எஸ் இடையே குறி தொங்கவிடும் பழக்கம் பெரியவர்களிடமும் இருக்கிறது. வெறும் பன்மைக்கும் குறி வேண்டாம். பழக்கடைப் பலகையில் 'மேங்கோஸ்' தன் எஸ்ஸுக்கு முன்னால் கொம்போடு இருப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

கேள்விக்குறி அடிக்கப்பட்டிருக்கிறது

'ஐ ஆஸ்க்டு ஹிம் வேர் வாஸ் ஹி கோயிங்?' உள்ளே கேள்வி இருந்தாலும் வாக்கியம் ஒரு செய்தியைத்தான் சொல்கிறது. அப்போது எழுவாய் முன்னால் வந்துவிடும், கடைசியில் முற்றுப்புள்ளி: 'ஐ ஆஸ்க்டு ஹிம் வேர் ஹி வாஸ் கோயிங்'. 'கேன் யூ டெல் மி' என்று தொடங்கினால் வெளி வாக்கியம் கேள்வி என்பதால் குறி இருக்கும். உள்வரிசை மட்டும் மாறும்: 'கேன் யூ டெல் மி வேர் தி பஸ் ஸ்டாண்ட் இஸ்?'

இங்கேயே ரிப்போர்டட் ஸ்பீச்சையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் 'நான் நாளைக்கு வருகிறேன் என்று சொன்னான்' என்றால், அந்த 'நான்' அவன்தான் என்று கேட்பவருக்குத் தெரியும். அவன் சொன்னது மாறாமல் 'என்று' முன்னால் நிற்கிறது. இதை 'ஹி செட் தட் ஐ வில் கம் டுமாரோ' என்று எழுதினால் வரப்போவது நீங்கள் ஆகிவிடுகிறீர்கள். 'தட்' என்பது நம் 'என்று' அல்ல. அது வந்தவுடன் ஆள், காலம், நாள் மூன்றையும் இப்போது எடுத்துச் சொல்கிறவரின் பக்கத்திலிருந்து பார்த்து மாற்ற வேண்டும்: 'ஹி செட் தட் ஹி வுட் கம் தி நெக்ஸ்ட் டே'. 'செட்' இருக்கும் இடத்தில் 'டோல்டு' போடுவதானால் கேட்டவர் யார் என்று உடனே வர வேண்டும், 'டோல்டு மி தட்'. 'டோல்டு தட்' கிடையாது.

பெரிய எழுத்துப் பிழைகள்

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாததால் கண் இதைத் தேடுவதில்லை. 'நான்' என்னும் ஐ எங்கே வந்தாலும் பெரிது. கிழமை, மாதம், மொழி, நாடு பெரிது. பருவ காலங்களும், மொழி அல்லாத பாடங்களும் சிறிது: 'இங்கிலீஷ்' பெரிய இ, 'ஹிஸ்டரி' சிறிய எச்.

பட்டியலில் கடைசிக் காற்புள்ளி

'ரைஸ், தால் அண்ட் கர்ட்' என்பதில் அண்டுக்கு முன்னால் காற்புள்ளி வைப்பதா? இரண்டு வழக்கமும் இருக்கிறது. வைப்பதற்கு ஆக்ஸ்ஃபோர்ட் காமா என்று பெயர். அமெரிக்கர்கள் அதிகம் வைப்பார்கள், பிரிட்டனில் குறைவு. நம் பள்ளிகளில் பெரும்பாலும் வைப்பதில்லை. ஒரு தாளில் ஒரே வழக்கமாக இருந்தால் போதும், பொருள் மயங்கும் இடம் தவிர.

மயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு வழக்கே நடந்தது. எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கூலி கிடையாது என்று அந்த மாநிலச் சட்டம் பட்டியல் போட்டிருந்தது. அதன் கடைசியில் 'அனுப்புவதற்காக அல்லது விநியோகத்துக்காகப் பொதி கட்டுவது' என்றும் படிக்கலாம், 'பொதி கட்டுவது, விநியோகிப்பது' என்று இரண்டாகவும் படிக்கலாம். நடுவில் காற்புள்ளி இல்லை. ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள், நாங்கள் விநியோகிக்கிறோம், பொதி கட்டுவதில்லை, ஆகவே எங்களுக்கு ஓவர்டைம் உண்டு என்று வாதாடினார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2018இல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

கம்ப்யூட்டரில் கோடு விழுகிறது, ஆனால் ஆசிரியர் சரி என்கிறார்

வேர்டில் சிவப்பு அலைக்கோடு எழுத்துப்பிழைக்கு; நீலக்கோடு இலக்கணத்துக்கு. 'கலர்', 'சென்டர்', 'ஆர்கனைஸ்' போன்ற சொற்களைப் பாடப்புத்தகத்தில் உள்ளபடி எழுதியும் சிவப்புக் கோடு விழுந்தால் பிழை உங்களுடையது அல்ல. மென்பொருள் அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. கலரில் உள்ள யூவை நீக்கியதுபோன்ற எழுத்துமுறையை நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதி அமெரிக்காவில் நிலைநிறுத்தியது. இந்தியப் பள்ளிகள் பிரிட்டிஷ் முறையிலேயே தொடர்கின்றன. முழுக் கட்டுரையையும் தேர்ந்தெடுத்து, ரிவ்யூ பட்டியில் லாங்குவேஜ், அதில் செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ் போய், இந்திய ஆங்கிலத்தையோ பிரிட்டிஷ் ஆங்கிலத்தையோ தேர்வு செய்யுங்கள். கூகுள் டாக்ஸில் ஃபைல் பட்டியலில் லாங்குவேஜ் இருக்கிறது.

இதன் மறுபக்கம்தான் ஆபத்து. கோடே விழவில்லை, ஆனால் பிழை இருக்கிறது. ஃபார்ம் என்று எழுத நினைத்து ஃப்ரம் என்று எழுதினால் இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள். சிவப்புக் கோடு வராது. 'லூஸ்' என்பதில் ஓ ஒன்றா இரண்டா, 'தேர்' என்பது அங்கேயா அவர்களுடையதா, 'குவைட்' என்பது அமைதியா மிகவுமா என்பதிலும் அப்படித்தான். இவற்றில் சிலதற்கு நீலக்கோடு விழும், சிலதற்கு விழாது. நீலக்கோடு விழும் எல்லா இடமும் பிழையும் அல்ல. செயப்பாட்டு வினை வந்தாலே கோடு போடும் அமைப்பு சில மென்பொருளில் உண்டு. அறிவியல் பாடத்தில் 'தி வாட்டர் வாஸ் ஹீட்டட்' என்று எழுதியிருந்தால் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம்.